எண்ணெய்ச் செய்தி வயலுக்கு எந்த வழியாக வருகிறது?

2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. அன்று அதிகாலை ஈரான் மீது இஸ்ரேல் தாக்குதல் தொடங்கியது. முதல் நாள் 69 டாலராக இருந்த ஒரு பீப்பாய் பிரென்ட் கச்சா எண்ணெய், அன்று வணிகம் முடியும்போது 74 டாலர். ஒரே நாளில் 7 சதவீத ஏற்றம். அடுத்த வாரம் 79 டாலரைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஜூன் 24-ம் தேதி சண்டை நிறுத்தம் என்று செய்தி வந்ததும் 67 டாலருக்கு இறங்கிவிட்டது. சண்டை தொடங்குவதற்கு முந்தைய நாள் விலையைவிடவும் குறைவு.

இந்தப் பன்னிரண்டு நாளும் குன்றத்தூர் பங்குகளில் டீசல் விலை அசையவில்லை. 92 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்தது, அங்கேயே நின்றது. டிராக்டருக்கு டீசல் பிடிக்க வந்தவர்கள், ‘சண்டை அங்கே நடக்குது, நமக்கு ஒன்றும் இல்லை’ என்று நினைத்திருந்தால் அதில் தவறு சொல்ல முடியாது.

ஆனால் அதே வாரத்தில் வேறொன்று நடந்தது. இஸ்ரேலிலிருந்து குழாயில் போகும் எரிவாயு நின்றதால் எகிப்தில் யூரியா ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. ஈரானிலும் ஆலைகள் நின்றன. இரண்டுமே உலகச் சந்தைக்குப் பெரிய அளவில் யூரியா அனுப்பும் நாடுகள். யூரியாவின் உலக விலை சட்டென்று ஏறியது. அந்தக் காரிஃப் பருவத்தில்தான் தெலங்கானாவிலும் வேறு சில மாநிலங்களிலும் யூரியாவுக்காக விவசாயிகள் விடியற்காலையிலேயே வரிசையில் நின்ற படங்களை நாளிதழ்களில் பார்த்தோம். அந்தத் தட்டுப்பாட்டுக்கு மேற்காசியச் சண்டை மட்டும் காரணம் அல்ல. சீனா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது, உள்நாட்டு உற்பத்தி குறைந்திருந்தது, நல்ல மழையால் சாகுபடிப் பரப்பும் கூடியிருந்தது. இருந்தாலும், பங்கில் தடம் பதிக்காமல் போன ஒரு செய்தி உரக்கடை வழியாக வயலைத் தொட்டது என்பது உண்மை.

எண்ணெய் பற்றிய செய்தி நம்மை எவ்வளவு பாதிக்கிறது என்று பங்கு விலைப் பலகையைப் பார்த்து அளந்தால் கணக்கு தப்பும். அப்படியானால் எதைப் பார்த்து அளப்பது? பொருளாதார அறிஞர்கள் ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழியில் நமக்குப் பயன்படும் சரக்கு நிறைய இருக்கிறது.

மல்லி விலை சொல்லும் பாடம்

மல்லி பயிரிடுகிறவர்களுக்கு இது கேட்டவுடன் புரியும். மல்லி விலை இரண்டு காலங்களில் ஏறும். ஒன்று, முகூர்த்த நாள். வாங்குவோர் கூட்டம் அதிகம், தோட்டத்திலும் பூ இருக்கிறது, விலையும் நன்றாக இருக்கிறது, கையில் பணம் நிற்கிறது. இன்னொன்று, மார்கழிப் பனி. கிலோ ஆயிரம், இரண்டாயிரம் என்று செய்தி வரும். ஆனால் செடியில் பூ இருக்காது. ‘மல்லி விலை உச்சம்’ என்ற செய்தியை மட்டும் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். பூப் பறிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

எண்ணெயும் அப்படித்தான். உலகம் முழுக்க ஆலைகள் ஓடி, லாரிகள் ஓடி, எண்ணெய்க்குத் தேவை கூடி விலை ஏறுவது ஒரு வகை. எண்ணெய் விற்கும் நாடுகள் உற்பத்தியைக் குறைத்தோ, போர் மூண்டோ வரத்து குறைந்து விலை ஏறுவது இன்னொரு வகை. லுட்ஸ் கிலியன் என்ற பொருளாதார அறிஞர் 2009-ல் எழுதிய கட்டுரை இந்த வேறுபாட்டை அழுத்தமாகக் காட்டியது. விலை ஏன் ஏறியது என்று கேட்காமல், ஏறியதால் என்ன ஆனது என்று கேட்பதில் அர்த்தமில்லை என்பதே அவர் வாதம். அதற்கு முன்பு 1983-ல் ஜேம்ஸ் ஹாமில்டன், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வந்த பொருளாதார மந்தங்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ணெய் விலை ஏறியிருப்பதைக் காட்டியிருந்தார்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். 2004-லிருந்து 2008 நடுப்பகுதிவரை கச்சா எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போய் 147 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டுகளில்தான் இந்தப் பகுதிக்கு ஆலைகள் வந்து குவிந்தன. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் கார் ஆலைக்கான ஒப்பந்தங்கள் அப்போதுதான் கையெழுத்தாயின. எண்ணெய் விலை ஏறியபோதும் வேலை பெருகியது, காய்கறி விற்றது, நில விலை ஏறியது. சீனாவிலும் இந்தியாவிலும் தேவை பெருகியதால் வந்த ஏற்றம் அது. முகூர்த்த நாள் மல்லி.

1973 வேறு. அந்த அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. மூன்று டாலரை ஒட்டி இருந்த பீப்பாய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. உரம் கிடைக்கவில்லை, கிடைத்த உரம் கட்டுப்படியாகவில்லை. இந்தியாவில் பணவீக்கம் 20 சதவீதத்தைத் தாண்டியது. இன்று நாம் காணும் யூரியா மானிய ஏற்பாட்டின் வேர், அந்த நெருக்கடிக்குப் பின் 1977-ல் வந்த விலைத் திட்டத்தில் இருக்கிறது. இது பனிக்கால மல்லி.

சரக்கு குறையும் முன்பே விலை ஏறுவது

வரத்தா, தேவையா என்று பிரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணெய் எவ்வளவு உற்பத்தியானது என்ற கணக்கைப் பார்த்தால் பல நேரம் விடை கிடைக்காது. விலை சரக்குக்கு முன்னால் ஓடுகிறது.

கோயம்பேட்டில் தக்காளி விற்கிறவர்களுக்கு இது புதிதல்ல. கோலாரில் மூன்று நாள் மழை என்று போன் வந்தால் போதும். அன்று வந்த லோடு குறையவில்லை, மறுநாள் வரும் லோடும் வழியில்தான் இருக்கிறது. ஆனாலும் பெட்டி விலை அன்றே ஏறும். நாலு நாள் கழித்து வரத்து குறையும் என்று தெரிந்தவர் இன்று குறைத்து விற்கமாட்டார், வாங்குகிறவர் நாலு பெட்டி கூடுதலாக எடுத்து வைப்பார்.

2016 நவம்பர் 30-ல் வியன்னாவில் கூடிய ஓபெக் நாடுகள், நாளொன்றுக்கு 12 லட்சம் பீப்பாய் உற்பத்தியைக் குறைக்க முடிவு செய்தன. அதுவும் அடுத்த ஜனவரி முதல்தான். அன்று ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. விலை மட்டும் அன்றே 9 சதவீதம் அளவுக்கு ஏறியது. எதிர்த்திசையிலும் நடக்கும். 1991 ஜனவரி 17-ல் வளைகுடாப் போரில் அமெரிக்கக் கூட்டுப் படை குண்டுவீச்சைத் தொடங்கியது. போர் தொடங்கினால் விலை ஏறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அன்று விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. சவூதியின் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆபத்தில்லை, போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதே அன்று சந்தைக்குக் கிடைத்த செய்தி. ஏறியிருந்ததெல்லாம் முன்பே பயத்தில் ஏறியது.

இந்த ஓட்டத்தையே அளவுகோலாக்கினார் டியாகோ கேன்சிக் என்ற ஆய்வாளர். 2021-ல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரெவ்யூ’ இதழில் வந்த அவரது ஆய்வின் அடிப்படை எளிமையானது. ஓபெக் கூட்டத்தில் என்ன முடிவு வரும் என்று வியாபாரிகள் முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். அந்த எதிர்பார்ப்பு முன்பேரச் சந்தை விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். ஆகவே அறிவிப்பு வந்த நாளில் விலை எவ்வளவு தாவுகிறதோ, அதுதான் யாரும் எதிர்பாராத பகுதி. அந்த ஒரு நாளில் உலகத் தேவை மாறிவிடாது. ஊர் ஊராகக் கார் வாங்குவோர் கூடவோ குறையவோ போவதில்லை. ஆகவே அந்தத் தாவல் வரத்து பற்றிய செய்தியின் விளைவு என்று எடுத்துக்கொள்ளலாம். 1983-லிருந்து 2017 வரையிலான ஓபெக் அறிவிப்புகளுக்கு இப்படித் தாவலைக் கணக்கிட்டு, ஒவ்வொரு தாவலுக்கும் பின்னால் வந்த மாதங்களில் பொருளாதாரத்தில் என்ன நடந்தது என்று தொடர்ந்து பார்த்தார்.

வரத்து குறையும் என்ற செய்தி வந்தால் எண்ணெய் விலை உடனே ஏறுகிறது. உற்பத்தி மெதுவாகத்தான் குறைகிறது. இடைப்பட்ட காலத்தில் கிடங்குகளில் இருப்பு கூடுகிறது, தக்காளிப் பெட்டியை எடுத்து வைப்பது போல. அமெரிக்காவில் பொருள்களின் விலையும், ‘இனி விலைவாசி ஏறும்’ என்ற மக்களின் எதிர்பார்ப்பும் கூடுகின்றன. உலகத் தொழில் உற்பத்தி முதல் ஓராண்டுக்குப் பெரிதாக அசைவதில்லை. அதன் பிறகுதான் சரியத் தொடங்குகிறது, சரிந்தால் சீக்கிரம் மீள்வதும் இல்லை.

அந்த ஓராண்டு இடைவெளியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

நடுவில் நிற்கும் அணை

இந்த அளவுகோலை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்த முடியாது. நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. ஆனால் உலக விலைக்கும் நம் பங்குக்கும் நடுவில் வரி, எண்ணெய் நிறுவனங்கள், மானியம் என்று மதகு வைத்த ஓர் அணை இருக்கிறது. செம்பரம்பாக்கத்தில் ஷட்டரைத் திறப்பது போலத்தான். ஏரிக்குள் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பது வேறு, வாய்க்காலில் எவ்வளவு வந்தது என்பது வேறு.

ஏட்டளவில் டீசல் விலை 2014 அக்டோபரிலேயே கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் தினமும் விலை மாறும் முறையும் வந்தது. நடைமுறை வேறு. 2020-ல் கொரோனா வந்து கச்சா எண்ணெய் விலை அதல பாதாளத்துக்குப் போனபோது, மத்திய அரசு அந்த மே மாதம் டீசல் மீதான வரியை ஒரே அடியாக லிட்டருக்கு 13 ரூபாய் உயர்த்தியது. விலை இறங்கிய பலன் உழவனுக்கு வராமல் கஜானாவுக்குப் போனது. 2022 பிப்ரவரி 24-ல் உக்ரைன் போர் தொடங்கி, மார்ச் முதல் வாரத்தில் பீப்பாய் 139 டாலர்வரை எகிறியபோது நேர்மாறாக நடந்தது. 2021 நவம்பர் 4 முதல் 137 நாளாக நின்றுகொண்டிருந்த சில்லறை விலை, மார்ச் 22-ல்தான் அசைந்தது. இரண்டு வாரத்தில் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறியது. மே மாதம் மத்திய அரசு டீசல் வரியில் 6 ரூபாய் குறைத்தது. அதன் பிறகு சென்னையில் 94 ரூபாய் 24 காசு என்று நின்ற டீசல், 2024 மார்ச்வரை ஏறக்குறைய இருபத்திரண்டு மாதம் அப்படியே நின்றது. அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் விலை எத்தனையோ முறை ஏறி இறங்கியது.

அணை நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். வெள்ளத்தைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் இறங்குமுகத்தில் மதகைத் திறக்காமல் இருப்பதில் எல்லா அரசுகளுக்கும் ஒரே குணம்.

அணைக்கு வெளியே இருந்தவர்கள் 2022-ல் என்ன ஆனார்கள் என்று பார்த்தால்தான் உண்மையான அடி தெரியும். மொத்தமாக டீசல் வாங்கும் ஆலைகளுக்கும் பேருந்துக் கழகங்களுக்கும் அந்த மார்ச்சில் லிட்டருக்கு 25 ரூபாய் அளவுக்கு விலை ஏற்றப்பட்டது. அவர்கள் பங்குகளை நோக்கி வந்தார்கள். ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஆலைகள் நிறைந்த பகுதியில் இதன் பொருள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

ரிசர்வ் வங்கியும் இதை அளக்கிறது. 2024 ஏப்ரல் பணக்கொள்கை அறிக்கையில், கச்சா எண்ணெய் எதிர்பார்த்ததைவிட 10 சதவீதம் ஏறினால் பணவீக்கம் 0.30 சதவீதப் புள்ளி கூடலாம், வளர்ச்சி 0.15 புள்ளி அளவுக்குக் குறையலாம் என்று கணக்கிட்டிருக்கிறது. அதில் ஒரு நிபந்தனை உண்டு. உலக விலை ஏற்றம் முழுவதும் உள்நாட்டு விலையில் இறங்கினால். அந்த ‘இறங்கினால்’ என்ற சொல்லுக்குள்தான் நம் அணை இருக்கிறது.

வயலுக்கு வரும் வாய்க்கால்கள்

பங்கை விட்டுவிட்டு மற்ற வழிகளைப் பார்ப்போம்.

முதலில் யூரியா. இந்தப் பகுதி விவசாயிகள் பலருக்கும் பழக்கமான ‘விஜய்’ யூரியா, மணலியில் உள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையில் தயாராகிறது. அந்த ஆலை பல காலம் நாப்தாவில் ஓடியது. நாப்தா என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. 2019-ல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அந்த வாயு எண்ணூர் முனையத்தில் கப்பலிலிருந்து இறங்குகிறது. இந்தியா நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்கும் திரவ எரிவாயுவின் விலை, பெரும்பாலும் கச்சா எண்ணெயின் சில மாதச் சராசரி விலையோடு கட்டப்பட்டது. ஆகவே ஏப்ரலில் எண்ணெய் ஏறினால், எரிவாயு விலையில் அது ஆடி மாத வாக்கில்தான் முழுதாகத் தெரியும்.

ஆனால் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு என்பது மாறாது. மாறாத விலைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. விலை ஏறாதபோது நெருக்கடி வேறு உருவத்தில் வரும்: மூட்டை கிடைக்காது. அல்லது மூட்டையோடு நீங்கள் கேட்காத இன்னொரு பொருளையும் தலையில் கட்டுவார்கள். இப்படி இணைத்து விற்பது விதிப்படி தவறு. ஆக, யூரியாவில் எண்ணெய்ச் செய்தியை அளக்க விலையைப் பார்க்காதீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பு எத்தனை மூட்டை, அடுத்த லோடு எப்போது என்று பாருங்கள். அரசு அந்தச் சுமையைத் தாங்கும் அளவும் சாதாரணமானதல்ல. 2022-23-ல் உர மானியம் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

டிஏபி கதை கொஞ்சம் வேறு. அதற்கு அமோனியா வேண்டும், அது எரிவாயுவிலிருந்து வருவது. கந்தக அமிலம் வேண்டும், அதற்கான கந்தகம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் பிரித்தெடுக்கப்படுவது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் நிறுவனங்கள் டிஏபி மூட்டையை 1,200 ரூபாயிலிருந்து 1,900 ரூபாய்க்குக் கொண்டுபோனது பலருக்கு நினைவிருக்கும். மே 19-ல் மத்திய அரசு மூட்டைக்கான மானியத்தை 500 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக்கிய பிறகே பழைய விலை திரும்பியது. அந்தச் சில வாரங்களில் அவசரப்பட்டு 1,900 கொடுத்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். டிஏபி, பொட்டாஷ், காம்ப்ளக்ஸ் உரங்களுக்கான மானிய விகிதம் ஆண்டுக்கு இரண்டு முறை, காரிஃப் பருவத்துக்கு ஏப்ரலிலும் ராபி பருவத்துக்கு அக்டோபரிலும் மாறும். இந்த உரங்களின் விலையில் எண்ணெய்ச் செய்தி இறங்கும் வாசல் அதுதான்.

பாசனத்தில் நமக்கு ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். பிகாரில் டீசல் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கிறவரின் கணக்கு நமக்குப் பொருந்தாது. ஆனால் மோட்டாருக்கு அப்பால் உள்ளதெல்லாம் எண்ணெய்தான்: சொட்டுநீர்க் குழாய், ஓஸ், நிலப்போர்வை, நாற்றுத் தட்டு, நெல் பிடிக்கும் சாக்கு, பூச்சிமருந்தைக் கரைத்துவைக்கும் கரைப்பான். இவற்றுக்கு அணையும் இல்லை, மதகும் இல்லை. விலைப்பட்டியல் மாதத்துக்கு மாதம் மாறும். எண்ணெய்ச் செய்தியை நேரடியாகக் காட்டும் கண்ணாடி உங்கள் ஊர் பைப் கடைதான் என்பேன். அரசு மானியத்தில் சொட்டுநீர் போடுகிறவர்களுக்கு இது உடனே தெரியாது, கைக்காசில் ஒரு சுருள் ஓஸ் வாங்குகிறவருக்குத் தெரியும்.

டயரும் அப்படி. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓடும் டயர் ஆலைகளுக்குச் செயற்கை ரப்பர், கார்பன் கருப்பு, நைலான் நூல் எல்லாம் எண்ணெயிலிருந்து வருகிறவை. டிராக்டர் டயர் மாற்றும்போது நீங்கள் கொடுப்பதில் எண்ணெய்க்கும் ஒரு பங்கு உண்டு.

இதே வாய்க்கால் சிலருக்கு லாபத்தையும் கொண்டுவரும். செயற்கை ரப்பர் விலை ஏறும்போது கன்னியாகுமரி ரப்பர் விவசாயியின் ஷீட்டுக்கு மதிப்பு கூட வாய்ப்புண்டு. பாலியஸ்டர் ஏறும்போது பருத்திக்கும் அப்படியே. இந்தோனேசியா பாமாயிலை டீசலோடு கலக்கிறது. கச்சா எண்ணெய் ஏறினால் அந்தப் பக்கம் பாமாயில் இழுபடும். அப்போது நம் மணிலாக் கொட்டைக்கும் ஆதரவு கிடைக்கலாம். ஆகவே ‘எண்ணெய் விலை ஏறினால் விவசாயிக்கு நட்டம்’ என்று மொத்தமாக எழுதுவது சோம்பேறித்தனம். என்ன பயிர் என்று கேட்க வேண்டும்.

வாங்குகிறவர் கை

செலவுப் பக்கம் மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான். குன்றத்தூர், சோமங்கலம், படப்பை பக்கம் கீரையும் காய்கறியும் போடுகிறவருக்கு வாடிக்கையாளர் யார்? ஆலைக் கேன்டீன், தொழிலாளர் விடுதி, மெஸ், சாலையோரச் சாப்பாட்டுக் கடை. அவர்கள் கையில் காசு ஓடுவது ஆலை ஷிப்ட்டைப் பொறுத்தது.

எண்ணெய்ச் செய்தி அங்கே எப்படிப் போகிறது? 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஏறியது, விலைவாசி ஏறியது. மே 4-ம் தேதி ரிசர்வ் வங்கி, அட்டவணையில் இல்லாத கூட்டம் போட்டு வட்டியை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக்கியது. 2023 பிப்ரவரிக்குள் அது 6.50 ஆகிவிட்டது. ஆண்டு தொடக்கத்தில் 75 ரூபாய்க்குக் கீழே இருந்த டாலர், அந்த அக்டோபரில் 82 ரூபாயைத் தாண்டியது. அதாவது எண்ணெய் டாலரில் இறங்கினாலும் ரூபாயில் முழுதாக இறங்காது. வட்டி ஏறினால் கார், பைக், லாரி வாங்குகிறவரின் மாதத் தவணை ஏறும். வாங்குவோர் குறைந்தால் ஆலை ஷிப்ட்டைக் குறைக்கும். கேன்சிக் கண்ட ஓராண்டு இடைவெளி இப்படிப்பட்ட படிகளில்தான் கழிகிறது. உங்கள் கூட்டுறவுப் பயிர்க்கடன் வட்டி இதனால் மாறாது. டிராக்டர் கடன் மாறும் வட்டியில் இருந்தால் மாறும்.

ஆகவே வரத்து குறைவால் எண்ணெய் ஏறினால், முதல் சில மாதம் இடுபொருள் செலவு, ஓராண்டு வாக்கில் விற்பனை என இரண்டு தவணையாக அடி வரலாம். தேவை கூடி ஏறினால் இரண்டாவது தவணை வராமலே போகலாம். ஆலை வாசலில் ஒப்பந்தத் தொழிலாளர் எடுக்கிறார்களா, நிறுத்துகிறார்களா என்பதை உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சோதனை அவ்வளவுதான்.

வாடகை கேட்கும்போது போட வேண்டிய கணக்கு

இனி கையோடு பயன்படுவது. டீசல் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ‘டீசல் ஏறிப்போச்சு’ என்று எல்லோரும் கேட்பார்கள். எவ்வளவு கேட்கலாம்?

குன்றத்தூரிலிருந்து கோயம்பேடு போய்வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். குட்டியானை லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால், போக வர இரண்டே முக்கால் லிட்டர்கூட ஆகாது. கூடுதல் செலவு 27 ரூபாய். முப்பது மூட்டை ஏற்றினால் மூட்டைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. வண்டிக்காரர் நடைக்கு 150 ரூபாய் கூட்டிக் கேட்டால், அதில் டீசல் ஆறில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல்தான்.

ரோட்டவேட்டர் ஓட்டும் டிராக்டர் மணிக்கு 5 லிட்டர் குடித்தால் கூடுதல் 50 ரூபாய். பெல்ட் வண்டி அறுவடை மணிக்கு 10 லிட்டர் என்றால் 100 ரூபாய். உங்கள் ஊர் சேற்றில் கொஞ்சம் கூடக் குடிக்கும், அதை நீங்கள்தான் அளக்க வேண்டும். வண்டி வைத்திருப்பவருக்கு டயர், கிரீஸ், ஓட்டுநர் பேட்டா, கடன் தவணை என்று வேறு செலவும் ஏறியிருக்கும். அதையும் மறுக்கக் கூடாது. ஆனால் அதை டீசல் பெயரில் கேட்கும்போது, டீசல் இறங்கினால் வாடகையும் இறங்குமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு வருகிறது.

கோலாரிலிருந்து சென்னைக்குச் சுமார் 270 கிலோமீட்டர். காலியாகத் திரும்பும் தூரத்தையும் சேர்த்து 540. லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 135 லிட்டர், கூடுதல் செலவு 1,350 ரூபாய். பத்து டன் தக்காளி ஏற்றி வந்தால் கிலோவுக்குப் பதிமூன்றரைக் காசு. அப்படியிருக்க, ‘டீசல் விலை உயர்வால் தக்காளி கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏற்றம்’ என்ற பேச்சைக் கேட்டால் அந்த மீதி நாலு ரூபாய் எண்பத்தாறு காசு எங்கே போனது என்று கேளுங்கள்.

வட்டாரத்தில் பணிபுரியும் உதவி வேளாண்மை அலுவலர்களுக்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேலை சொல்லத் தோன்றுகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஓபெக் நாடுகள் கூடும் நாள் முன்கூட்டியே நாளிதழில் வரும். கூட்டத்துக்கு முதல் நாளும் மறுநாளும் பிரென்ட் விலை, டாலரின் ரூபாய் மதிப்பு இரண்டையும் குறியுங்கள். விலை எவ்வளவு தாவியதோ அதுதான் செய்தியின் எடை. ஞாயிற்றுக்கிழமை கூடினால் திங்கள் விலையை எடுங்கள். 2023 ஏப்ரல் 2 ஞாயிறன்று திடீரென உற்பத்திக் குறைப்பை அறிவித்தார்கள், திங்களன்று 6 சதவீதம் ஏறியது. அதே பக்கத்தில் கீழே மாதம் ஒரு முறை பங்கு டீசல், கோயம்பேடு நடை வாடகை, ரோட்டவேட்டர் மணி வாடகை, ஒரு சுருள் ஓஸ், டிஏபி, சங்கத்தில் யூரியா இருப்பு என்று ஆறு வரி எழுதி வாருங்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் தாண்டினால், உங்கள் ஊருக்கு எந்தச் செய்தி எத்தனை மாதத்தில் எந்த வழியாக வருகிறது என்பது அந்த நோட்டிலேயே தெரியும். அடுத்த மானிய விகிதம் அறிவிக்கும் வாரத்தில், உரக்கடை விலைப் பலகையையும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய இருப்பைப் புது விலைக்கு விற்கிறார்களா என்று தெரிந்துகொள்ள அது உதவும்.